உறைக்குள் போன ஓட்டு

பத்து வருஷம் ஆகப்போகிறது. இந்த விஷயத்தை வீட்டில் சொல்லியிருக்கிறேன், கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை செங்கோட்டை ரயிலில் எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் "நீங்க செஞ்சது சரிதான் சார், ரூல்படிதான செஞ்சிருக்கீங்க" என்றார்கள். ரூல்படி செய்தேன் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் தேர்தல் என்று பேச்சு வந்தால் அந்த ஆச்சியின் முகம்தான் முதலில் வந்து நிற்கிறது. 2025 நவம்பரில் வீடு வீடாக வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவம் கொடுத்தார்களே, அப்போது மறுபடி வந்தது, அதற்கப்புறம் போகவே இல்லை. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2016 மே 16, சட்டமன்றத் தேர்தல். அப்போது நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். அந்த முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். ஊர் பெயர் வேண்டாம். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம், நெல்லும் வாழையும், திண்ணைக்குத் திண்ணை முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், இப்படி நம் பக்கத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டு வேன் போய்விட்டது. தலையாரி வீட்டிலிருந்து இட்லி வந்தது. சாப்பிட்டுவிட்டு, கொசுவை விரட்டிக்கொண்டே ராத்திரி பதினொரு மணிவரை உறைகளை எழுதினேன். தேர்தல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மெஷினைவிட உறைகள்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தும். எந்தப் படிவம் எந்த உறைக்குள், எதற்கு அரக்கு, எதற்கு அரக்கு வேண்டாம் என்று அது ஒரு தனிப் படிப்பு. மறுநாள் கண் சொருகும் நேரத்தில் எழுதினால் தப்பு வரும் என்பதால் பாதியை முதல் நாளே எழுதி வைத்துவிடுவோம். டெண்டர் ஓட்டுச் சீட்டு, அதாவது தன் பெயரில் வேறு யாரோ ஏற்கனவே போட்டுவிட்டார்கள் என்று வந்து நிற்பவருக்குக் கொடுக்கும் சீட்டு, அதற்கான உறையில் 'இல்லை' என்று எழுதி வைத்தேன். அதற்கு முன் ஐந்து தேர்தல்களில் வேலை பார்த்திருந்தேன், ஒன்றில்கூட அந்த உறைக்குள் எதுவும் போனதில்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆறு மணிக்குக் கட்சி ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டு ஐம்பது போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, பச்சைத்தாள் முத்திரையில் அவர்கள் கையெழுத்தை வாங்கி மெஷினை மூடி, ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். பத்து மணிவரை வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. மத்தியானம் வெயிலில் கூட்டம் வற்றிவிட்டது. இரண்டரை மணி இருக்கும், ஆச்சி வந்தார். எழுபது வயதுக்கு மேல். காது வளர்த்த ஆச்சி, பாம்படம் இல்லை, வெறும் காது தொங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் வாக்காளர் அட்டை. மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் ஓட்டுப் போடுவதற்காகவே பஸ் ஏறி வந்து, இறங்கியதும் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். "சார், இந்த நம்பர் போட்டாச்சு" என்றார். அந்த வரியின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்திருந்தது.

ஆச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எய்யா, நான் இப்பதான பஸ்ஸ விட்டு இறங்கி வாறேன். அதுக்குள்ள நான் எப்பிடி போட்டிருப்பேன்?"

## மேலத்தெரு ஆச்சி, கீழத்தெரு ஆச்சி

கள்ள ஓட்டு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நடந்தது அதுவல்ல, ஏஜெண்டுகள் ஐந்தே நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆச்சியின் பெயர் நம் பக்கத்து அம்மன் பெயர், ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். அந்தச் சாவடிப் பட்டியலிலேயே அதே பெயரில் இரண்டு பேர், கிட்டத்தட்ட ஒரே வயசு. ஒருவர் மேலத்தெரு, ஒருவர் கீழத்தெரு. கணவர் பெயர்தான் வேறு. பூத் சிலிப் கொடுத்தவர் இரண்டு சிலிப்பையும் வீடு மாற்றிக் கொடுத்துவிட்டார். காலையில் மேலத்தெரு ஆச்சி தன் கையில் இருந்த சிலிப்பை நீட்டியிருக்கிறார், முதல் அலுவலர் பெயரை உரக்க வாசித்திருக்கிறார், ஏஜெண்டுகள் தலையாட்டியிருக்கிறார்கள், அவர் பெயர் அதுதானே. பட்டியலில் இருக்கும் போட்டோவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு லட்சணம் என்பது அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லா முகமும் கறுப்பு மை அப்பினதுபோல் இருக்கும். ஆக, மேலத்தெரு ஆச்சி கீழத்தெரு ஆச்சியின் வரியில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். யார் மேலும் குற்றமில்லை. கீழத்தெரு ஆச்சி தன் வீட்டில் கிடந்த அந்தத் தப்பான சிலிப்பைக் கொண்டுவந்திருந்தால் அவரும் மேலத்தெரு ஆச்சி வரியில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருப்பார், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் சரியான அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்ததுதான் வினையாகிவிட்டது.

நான்கு ஏஜெண்டுகள் இருந்தார்கள். காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்காதவர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான்கு பேரும் ஒன்றாக நின்றார்கள். "சார், நம்ம கீழத்தெரு ஆச்சி சார், எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஒருவர். இன்னொருவர் ஒரு வழியும் சொன்னார்: "மேலத்தெரு ஆச்சி நம்பர் சும்மாதான கிடக்கு. அதுல இவங்களப் போட விடுங்க. ரெண்டு ஆளு, ரெண்டு ஓட்டு, கணக்கு சரியாப் போயிரும். எங்களுக்கு ஆட்சேபணை இல்ல, வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறோம்."

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவர் சொன்னது நியாயம். உலகத்தில் யாரைக் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மேலத்தெரு ஆச்சியின் வரியில் கீழத்தெரு ஆச்சியைக் கைநாட்டு வைக்கச் சொன்னால், ஒருவர் இன்னொருவராக ஓட்டுப் போட்டதற்கு நானே சாட்சியாகிவிடுவேன். மண்டல அலுவலருக்குப் போன் போட்டேன். "டெண்டர் குடுத்துருங்க சார், வேற எதுவும் பண்ணிராதீங்க. நாளைக்குக் கேஸுன்னு வந்தா உங்க தலைதான் உருளும்" என்றார். விதியும் அதைத்தான் சொல்கிறது. தன் பெயரில் ஏற்கனவே ஓட்டு விழுந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால், அவர் அவர்தான் என்று நமக்குத் திருப்தி ஏற்பட்டால், மெஷினில் விடக்கூடாது. 17-பி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சீட்டில் போடச் சொல்ல வேண்டும். அப்புறம் ரெண்டு வருஷம் கழித்து ஒரு சினிமா வந்து 49-பி, 49-பி என்று ஊரெல்லாம் பேசினார்களே, அதே விதிதான்.

கொடுத்தேன். சீட்டின் பின்னால் என் கையாலேயே டெண்டர் ஓட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெருக்கல் குறி ரப்பர் ஸ்டாம்பையும் மை அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். ஆச்சிக்கு அந்த ஸ்டாம்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பழைய மாதிரியா? இதுதான்யா நல்லாருக்கும். அந்தப் பொட்டியில அமுக்குனா கீக்குன்னு கத்துது, விழுந்துச்சா விழலையான்னே தெரிய மாட்டேங்கு" என்றார். மறைப்புக்குள் போய் ரொம்ப நேரம் நின்றார். சீட்டை எட்டாக மடித்துக்கொண்டு வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பொட்டி எங்கய்யா இருக்கு?"

"பெட்டி இல்ல ஆச்சி. என்கிட்டக் குடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

கொடுத்தார். "நல்லா இருய்யா" என்று சொல்லிவிட்டு, மை வைத்த விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் பாத்துக்கிடுதேன் என்று சொன்னேன். அந்தச் சீட்டை யாரும் எண்ணமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஓட்டு எண்ணும் நாளில் அந்த உறையைத் திறக்க மாட்டார்கள். நீதிமன்றம் கேட்டால்தான் திறப்பார்கள். ஏஜெண்டுகளுக்குத் தெரியுமோ என்னவோ, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான். அவர் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர், முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெஷினை மூடி, சாவடியின் ஓட்டுக் கணக்கு எழுதும் 17-சி படிவத்தில் பயன்படுத்திய டெண்டர் சீட்டு என்ற இடத்தில் 1 என்று எழுதினேன். முதல் நாள் ராத்திரி எழுதி வைத்த 'இல்லை'யை அடித்துவிட்டு, ஆச்சியின் சீட்டை உள்ளே வைத்து அரக்கு ஊற்றினேன்.

## நாற்பத்தொன்பது

மூன்றாம் நாள், மே 19, எண்ணிக்கை. நம் மாவட்டத்தில் அன்றைக்கு எல்லோரும் பேசியது ராதாபுரம்தான். அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. தபால் ஓட்டில் 203 ஓட்டுகளைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்பதுதான் சண்டை. தேர்தல் வேலைக்குப் போகிற ஆசிரியர்கள் போன்றவர்கள் போடும் ஓட்டு அது. உறுதிமொழிப் படிவத்தில் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டது தலைமை ஆசிரியர், அவர் கெசட்டட் அதிகாரி இல்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கை உதறியது. நான் வேறு தொகுதி, ஆனால் என் படிவத்திலும் எங்கள் தலைமை ஆசிரியர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊரார் ஓட்டையெல்லாம் பாதுகாத்து அரக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்த என் ஓட்டு எண்ணப்பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவு உயர்நீதிமன்றத்துக்குப் போனார். தபால் ஓட்டையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2019 அக்டோபரில். மூன்றரை வருஷம் ஓடிப்போயிருந்தது. அக்டோபர் 4ஆம் தேதி உயர்நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். எண்ணலாம், முடிவை வெளியிடக்கூடாது என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் 2021இல் முடிகிறவரை அந்த எண்ணிக்கை வெளியே வரவே இல்லை. அடுத்த தேர்தலில் அப்பாவு ஜெயித்து சபாநாயகரும் ஆகிவிட்டார், அது வேறு கதை. யார் ஜெயித்தார் என்பது எனக்கு முக்கியமில்லை. ராதாபுரத்துக்காரர்கள் 2016இல் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கான பதில் ஒரு தாளில் எழுதி முடித்து மூடி வைக்கப்பட்டிருந்தது, ஓட்டுப் போட்டவர்களுக்குச் சொல்லப்படவில்லை. என் கண்ணுக்கு அது ஆச்சியின் உறை மாதிரிதான் தெரிந்தது, கொஞ்சம் பெரிய உறை.

அமெரிக்காவில் 2000இல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் ஜனாதிபதியே முடிவானார், அங்கேயும் மறு எண்ணிக்கையை உச்சநீதிமன்றம்தான் பாதியில் நிறுத்தியது. அப்போது அதை ஏதோ தூரத்துச் செய்தியாகப் படித்துவிட்டு விட்டிருந்தேன். ராதாபுரத்துக்குப் பிறகு எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது.

## சின்னதாக இருந்தால் நியாயமாக இருக்குமா

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே வாதம் வைப்பார். இத்தனை கோடிப் பேர் உள்ள நாட்டில் நியாயமான தேர்தல் என்பதே நடக்காத காரியம், ஊர் அளவில் இருந்தால்தான் நியாயம் என்பார். உடனே மானூருக்குப் போய்விடுவார். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கிற அதே மானூர்தான். அங்கே கோயிலில் பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, கி.பி. 800ஐ ஒட்டியது. சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எடுத்ததற்கெல்லாம் அன்று, அன்று என்று மறித்துப் பேசினால் 5 காசு தண்டம். உத்திரமேரூருக்கும் நூறு வருஷம் முந்தியது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சபையில் உட்கார நிலத்தில் பங்கு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஆச்சிகளும் அந்தக் கோயில் வாசலைத் தாண்டியிருக்க முடியுமா? ஆட்களைக் குறைத்துக்கொண்டால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்துவிடும், அது ஒரு பெரிய சாதனை இல்லை.

இன்றைய ஊராட்சித் தேர்தலையும் பார்த்திருக்கிறேன். நான்கு கலரில் நான்கு சீட்டு. வார்டுக்கு முந்நூறு ஓட்டு. அங்கே பட்டியலில் தப்பு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம், நிஜம்தான். ஆனால் எந்த வீட்டு ஓட்டு யாருக்கு விழுந்தது என்பதையும் விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். சொந்தக்காரன், சாதிக்காரன், கடன் கொடுத்தவன், தண்ணீர் திறந்து விடுகிறவன், எல்லோரும் வாசலிலேயே நிற்கிறார்கள். பெரிய தேர்தலில்தான் ஓட்டு கூட்டத்தோடு கலந்து முகம் தெரியாமல் போகிறது. பழைய பெட்டிக் காலத்தில் சீட்டுகளைக் கொட்டிக் கலந்து எண்ணுவதுண்டு. மெஷின் வந்தபிறகு சாவடி வாரியாகக் கணக்கு வெளியே வந்துவிடுகிறது, எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று மறுநாளே தெரிந்துவிடுகிறது. பல மெஷின்களைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2008இல் கேட்டது, 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது, இன்னும் வரவில்லை. இது வர வேண்டும் என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

எண்ணிக்கையைப் பற்றி என்னிடம் கேட்டால், நான் நம்புகிறேன் என்றுதான் சொல்வேன். 2024இல் ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள், பத்தரை லட்சம் சாவடிகள். அவ்வளவு பெரிய காரியத்தை டெல்லியில் உட்கார்ந்து ஒருவர் நடத்தவில்லை, பத்தரை லட்சம் மேசைகளில் நடந்தது. மேசைக்கு நான்கைந்து பேர், எதிரே ஒருவரை ஒருவர் நம்பாத ஏஜெண்டுகள், சாயங்காலம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் 17-சியின் நகல். அந்த நகல் பையில் இருக்கிற ஏஜெண்டை யாரும் ஏமாற்ற முடியாது. ஏஜெண்டே இல்லாத சாவடியும் ஒரே கட்சிக்கு மட்டும் ஏஜெண்டு உள்ள சாவடியும்தான் எனக்குப் பயம். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டுகளைச் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடியில்தான் எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற வழக்கை 2024 ஏப்ரல் 26இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஜெர்மனியில் 2009இல் அரசியல் சாசன நீதிமன்றம், தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகன் தானே பார்த்துச் சரிபார்க்க முடியாத மெஷின் கூடாது என்று சொல்லி அந்த மெஷின்களையே நிறுத்திவிட்டது. கீக்குன்னு கத்துது, விழுந்துச்சா விழலையான்னே தெரிய மாட்டேங்கு என்று ஆச்சி சொன்னதும் அதேதான். நான் மெஷினை நம்புவது நான் அதைத் திறந்து மூடி முத்திரை வைத்தவன் என்பதால். ஆச்சி எதைப் பார்த்து நம்புவார்? கூடுதலாக எண்ணினால் ரெண்டு நாள் தாமதமாகும், அவ்வளவுதானே.

தாமதம் என்றதும் இந்தோனேசியா ஞாபகம் வருகிறது. 2019 ஏப்ரல் 17, ஒரே நாளில் ஐந்து தேர்தலையும் சேர்த்து நடத்தினார்கள், ராத்திரி முழுக்க அந்தந்தச் சாவடியிலேயே சீட்டை எண்ணினார்கள். களைப்பிலேயே நூற்றுக்கணக்கான தேர்தல் ஊழியர்கள் இறந்துபோனார்கள். மறுநாள் 18ஆம் தேதி தமிழ்நாட்டில் எங்களுக்குத் தேர்தல். பின்னால் அந்தச் செய்தியைப் படித்தபோது, முதல் நாள் கொசுக்கடியும் மறுநாள் நள்ளிரவு வரை மெஷினை ஒப்படைக்கக் காத்துக்கிடந்ததும் ஞாபகம் வந்து, அவர்கள் எல்லாம் நம் ஆட்கள் மாதிரியே தோன்றியது.

பணத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2009 திருமங்கலத்திலிருந்து நமக்குத் தெரிந்த கதை. அந்த 2016 தேர்தலிலேயே அரவக்குறிச்சியையும் தஞ்சாவூரையும் பணப்பட்டுவாடாவுக்காகத் தள்ளி வைத்தார்கள், அப்புறம் 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர். 2024இல் நம் நெல்லை எக்ஸ்பிரஸிலேயே தாம்பரத்தில் நாலு கோடி பிடிபட்டது. மேசையில் எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தாலும் வாசலுக்கு வெளியே நடந்து முடிந்ததை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

## பட்டியலில் இருக்கிற ஆள்

ஆச்சியின் ஓட்டு போனது மேசையிலும் இல்லை, மெஷினிலும் இல்லை, ஒரு பெயரில். இதை யோசிக்க யோசிக்கத்தான் பெரிய நாடு என்பதன் கஷ்டம் எனக்குப் புரிந்தது. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். நாட்டுக்கு அவரைத் தெரியாது, ஒரு வரிசை எண்ணைத்தான் தெரியும். 1951-52இல் முதல் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வடக்கே லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். அப்படி எழுத முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏறத்தாழ 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கடுமையான காரியம். அதனால்தான் அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் பெயரோடு வந்தார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு தேர்தல் அவர்களுக்குப் போனது போனதுதான்.

ஏஜெண்டுகள் சொன்னபடி நான் ஏன் விடவில்லை என்பதற்கும் இதுதான் காரணம், தலை உருளும் என்ற பயம் மட்டுமில்லை. இந்தச் சாவடியில் நான்கு பேர் சேர்ந்து உண்மையான ஆச்சிக்காகப் பேசினார்கள். இன்னொரு சாவடியில் நான்கு பேர் சேர்ந்து இல்லாத ஆச்சிக்காகப் பேசுவார்கள், அங்கேயும் எல்லோருக்கும் தெரியும் சார் என்பார்கள், அங்கேயும் கணக்கு சரியாகத்தான் வரும். தெரிந்தவர்கள் சொன்னால் போதும் என்று ஒரு இடத்தில் விட்டால் பத்தரை லட்சம் இடத்திலும் விட வேண்டும். அதனால் மறுபடி அதே நிலைமை வந்தாலும் டெண்டர் சீட்டைத்தான் கொடுப்பேன். அதில் எனக்கு இப்போது குழப்பமில்லை. இவ்வளவு பெரிய தேர்தல் எல்லோருக்கும் முழு நியாயமாக நடக்காது. நாணயமாக நடக்கலாம். அன்றைக்கு நான் நாணயமாக இல்லை. உங்கள் ஓட்டு எண்ணிக்கையில் சேராது ஆச்சி, தப்பு எங்கள் பக்கம், என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். அதெல்லாம் அவர் உரிமை. நான் பாத்துக்கிடுதேன் என்று ஒரு வார்த்தையில் அந்த உரிமையையும் சேர்த்து வாங்கி உறைக்குள் போட்டுவிட்டேன்.

2025 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய தீவிரத் திருத்தத்தில் எங்கள் தெருவில் நிறையப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பழைய பட்டியலில் அம்மா பெயரைத் தேடு, அப்பா பெயரைத் தேடு என்றால் பாதிப் பேருக்கு எழுத்து ஒத்துவரவில்லை. இசக்கி அம்மாள், இசக்கியம்மாள், எசக்கியம்மாள், மூன்றும் ஒரே ஆள். பம்பாய்க்குப் போனவர்கள், திருப்பூருக்குப் போனவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் என்று வீட்டுக்கு ஒரு கதை. டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் நீங்கியிருந்தன. 6 கோடியே 41 லட்சம் 5 கோடியே 43 லட்சமானது. செத்துப்போனவர்கள் ஏறத்தாழ 27 லட்சம், இடம் மாறியவர்கள், ஆளில்லாதவர்கள் என்று 66 லட்சம். செத்தவர்களை எடுக்கத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சிலிப் வீடு மாறியதற்கே ஒரு ஓட்டுப் போனதைப் பார்த்தவன் நான். இந்த 66 லட்சத்தில் எத்தனை பேர் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்களோ என்றுதான் மனம் போகிறது.

அந்த ஊர்ப் பட்டியலையும் இறக்கிப் பார்த்தேன். இப்போது அந்தப் பெயரில் ஒருவர்தான் இருக்கிறார். கணவர் பெயரைப் பார்த்தேன், மேலத்தெரு ஆச்சி. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் கீழத்தெரு ஆச்சி இருந்தார். காரணம் என்ற இடத்தில் இறப்பு என்று போட்டிருந்தது. ரொம்ப நேரம் செல்போனை மூடாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு என் தங்கை மகள் வந்திருந்தாள். அவளும் ஆசிரியை, வருகிற தேர்தலில் முதல்முறையாக வேலைக்குப் போக வேண்டியிருக்கும். தேர்தல் வேலைன்னா என்னென்ன மாமா செய்யணும் என்று ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். எல்லாம் சொல்லி வந்து கடைசியில் டெண்டர் ஓட்டுக்கு வந்தேன். ஆச்சி கதையையும் சொன்னேன்.

"எண்ண மாட்டாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா சண்டைக்கு வர மாட்டாங்களா மாமா?"

"வரட்டும்."

"அப்புறம் எதுக்கு அந்தச் சீட்டு?"

"எண்ணிக்கை ரொம்ப நெருக்கத்துல வந்து, யாராவது கோர்ட்டுக்குப் போனா அத எடுத்துப் பாப்பாங்க. அதையும் சேத்துச் சொல்லு."

நோட்டில் 17-பி என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'சொல்லணும்' என்று எழுதி ரெண்டு கோடு போட்டாள்.